பாவாயக்காவும் மேற்கு மூலைப் புல்லும்

முட்டை லாரி ஓட்டுநர்தான் செய்தி கொண்டுவந்தார். சேலத்திலிருந்து வெறும் அட்டைகளோடு திரும்பியவர், வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். அயோத்தியாப்பட்டணத்தில் மகள் வீட்டில் இருந்த பாவாயக்கா விடியற்காலையில் இறந்துவிட்டார். நான் பூங்காவில் அரளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குடத்தில் மீதி இருந்ததை ஊற்றத் தோன்றாமல் வெகுநேரம் இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

அவரோடு அதிகம் பழகியவள் என்று நம் மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு என்னை எழுதச் சொன்னார்கள். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

இந்த இடம் பூங்காவாகும் முன் பாவாயக்காவின் செம்மறிகள் மேய்ந்த புறம்போக்கு. நாம் எல்லோரும் சேர்ந்து குழி தோண்டினோம், கிளுவைப் போத்துக் குச்சிகளை நட்டு வேலி வைத்தோம். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சிய பலகைகள் பெஞ்சுகளாயின. ஒரு பெஞ்சில் இன்னமும் ‘ஒலி எழுப்புக’ என்று பாதி எழுத்து தெரியும். ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொள்ளப் பாவாயக்கா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “பூவெல்லாம் நீங்க வெச்சுக்கங்க. அந்த மேக்கால மூலையில மட்டும் மம்பட்டி படக்கூடாது.” அங்கே நின்றது கொழுக்கட்டைப்புல். நடுநடுவே தும்பையும் விஷ்ணுகிரந்தியும். புல்லைப் பார்க்க யார் வருவார்கள் என்று ஒருவர் கேலி செய்தார். அக்கா சிரிக்காமல் சொன்னார்: “காடை வருமுங்க. அதுக்குப் பெஞ்சி வேண்டாம்.”

அந்தப் புல்லை விதை கொட்டும்வரை தொடக்கூடாது. ஒரு கதிரை விரலால் உருவி, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பார். விதை பறக்காவிட்டால் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். பறந்தாலும் ஒரு சாண் உயரம் விட்டுத்தான் அறுப்பார். தூரை யாரும் தொடக்கூடாது.

பூங்கா வைத்த மூன்றாம் வருஷம் மார்கழியில் மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்: “பொங்கல் கழிச்சு வாரேன். ஆராச்சும் மம்பட்டியோட மூலைக்கு வந்தா, அக்கா வார வரைக்கும் பொறுக்கச் சொல்லு சாமி. சொல்லுவியா?” தலையாட்டினேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் திறப்பு விழா வைத்தார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்று மன்றச் செயலாளர் செங்கோடண்ணன் பத்துப் பேரைக் கூட்டிவந்தார். பொங்கல் நோம்பிக்கு வீட்டு வாசலை எப்படிச் செய்வோமோ அப்படியே பூங்காவையும் செய்தார்கள். மேற்கு மூலையையும் செதுக்கி, கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டார்கள். யாரும் கெடுதல் நினைக்கவில்லை. விருந்தாள் வரும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அக்கா வைத்த நிபந்தனை அந்த அவசரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தவள் நான் ஒருத்திதான். குழாயடியில் நின்றுகொண்டு சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கோடண்ணன் தண்ணீர் குடிக்க வந்தார். என் முகத்தைப் பார்த்து, “என்ன பாப்பா, ஏதாச்சும் சொல்லோணுமா?” என்று கேட்கவும் கேட்டார். நான் செம்பை நீட்டினேன். குடித்துவிட்டுப் போய் மண்வெட்டியை எடுத்தார். முதல் வெட்டில் ஒரு காடை எழுந்து பறந்தது.

திரும்பிவந்த பாவாயக்கா அந்தக் கோலத்தின் முன் வந்து நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்: “சொன்னியா சாமி?”

தலையாட்டினேன்.

நேராகச் செங்கோடண்ணனிடம் போனார். “ஏந் தம்பி, வாயே தொறக்காத புள்ள அது. அது வந்து சொல்லியுமா மம்பட்டி வெச்சே?”

“எங்கிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லலீங்கக்கா” என்ற அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதன்பின் ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நீங்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். சமாதானத்துக்குப் போனவர்களிடம், பொய் சொல்கிறவனோடு தனக்குப் பேச்சில்லை என்று அக்கா சொல்லி அனுப்பினார். செங்கோடண்ணனின் அம்மா இறந்தபோது எழவுக்குக்கூடப் போகவில்லை. அதற்குப் பின் வந்த இரண்டு வருஷமும் மழைக்கு முன்னால் அக்கா எங்கிருந்தோ விதை உருவி முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார். அவரும் நானும் தூவுவோம். பாதி இடத்தில்தான் முளைத்தது. மூன்று முறை சொல்லிவிட வாயெடுத்தேன். “அக்கா” என்பேன். “என்ன சாமி” என்பார். “தண்ணி வேணுமா” என்று கேட்டுவிட்டு எழுந்து போவேன்.

இப்போது காலையில் அந்த மூலையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் கதிரை உருவும் சத்தம் கேட்கிறது. பிறகு ஊதும் சத்தம். திரும்பினால் காற்றுதான். சில நாள் திரும்பாமலே நிற்கிறேன்.

நான் எழவுக்குப் போன அன்று அயோத்தியாப்பட்டணத்துக்குச் செங்கோடண்ணனும் மாலையோடு வந்திருந்தார். “அம்மா உங்களோட பேசறதில்லீங்களே” என்று மகள் வாசலிலேயே சொல்லிவிட்டார். அவர் மாலையை வாசல்படியில் வைத்துவிட்டு, அக்காவின் முகம் பார்க்காமலே திரும்பினார். ஒரே பஸ்ஸில்தான் ஊர் வந்தோம். அவருக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

செங்கோடண்ணன் பொய் சொல்லவில்லை. அவரிடம் நான் சொல்லவே இல்லை. இதை ஒரு பிரதி எடுத்து அக்காவின் மகளுக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் என்னிடம் ஒன்றைக் கேட்டால், என் தலையாட்டலை நம்பாமல் இரண்டாவது முறையும் கேட்பார்கள். பாவாயக்கா ஒரே முறைதான் கேட்டார், நம்பினார், எனக்காக ஒரு மனிதரைக் கடைசிவரை வெறுத்தார். என்னிடம் இருப்பது அந்த நம்பிக்கை. அதை வேண்டாம் என்று நான் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.