வாடிக்கென்று ஒரு செருப்பு

இறக்கக்கண்டிக் கடற்கரையில் கருவாடு போடுகிற பெண்கள் வாடிக்குள் செருப்போடு நுழைய மாட்டார்கள். சாப்பிடுகிற பொருள் காய்கிற இடம் அது. பதினெட்டு வருடமாக அந்த ஒழுங்கைக் காத்தவள் மாகிரட். வினையும் அதே வழியாகத்தான் வந்தது.

கூட வேலை செய்யும் லக்சனாவின் உள்ளங்காலில் முதலில் சிவப்பாக ஒரு கோடு. மறுநாள் அது ஒரு விரற்கடை தள்ளி வளைந்திருந்தது. சொறியச் சொறிய அடங்காத கடியால் அவளுக்கு நித்திரை இல்லை. கடலில் மிதக்கிற சொறிமுட்டை பட்டதென்று சுண்ணாம்பு பூசினார்கள். ஒரு கிழமைக்குள் ஐந்து பேருக்குக் கோடு.

கிளினிக் டொக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். நாயின் குடலில் இரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு. முட்டை நாயின் மலத்தோடு ஈர மணலில் விழுந்து பொரிக்கும்; வெறுங்கால் பட்டால் குஞ்சு தோலுக்குள் நுழையும். மனித உடம்பில் அதனால் வளர முடியாது, தோலுக்கடியில் அலைந்தே சாகும்.

வாடிக்காரர் பேணாட்டுக்கு அது போதும்.

"கோயில் திருநாளுக்கு முதல் நாயெல்லாத்தையும் நஞ்சு வைச்சு முடிச்சுப்போடுவன்."

வாடி நிழலில் கறுப்பி நான்கு குட்டிகளோடு கிடந்தது. மாகிரட் ஒரு குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். பல்முரசு இரத்தமில்லாமல் வெளிறியிருந்தது.

"இதுகளையும் அந்தப் புழுதான் தின்னுது, பேணாட் அண்ணை. மீன்குடலைக் கொட்டி இதுகளை இஞ்சை படுக்க வைச்சது நாங்கள். திருநாளுக்கு ஒரு மாதம் கிடக்கு. பொறுங்கோ."

"நாய்க்கும் கிளினிக் வைக்கப் போறியள் போல."

"ஓம். உங்களுக்கும் ஒரு நம்பர் துண்டு தாறன்."

மிருக வைத்தியரிடம் புழு மருந்தாகக் குட்டிகளுக்குப் பாணியும் தாய்க்குக் குளிசையும் வாங்கினாள். சூடை மீனுக்குள் வைத்த குளிசையைக் கறுப்பி துப்பிவிட்டது. நெத்தலிக்குள் வைத்ததை மெல்லாமலே விழுங்கியது. நிழலிலிருந்த ஈர மணலை அள்ளி உச்சி வெயிலில் பரப்பினாள். குடலைத் தூரத்தில் புதைத்து மேலே கல் வைத்தாள். இவ்வளவும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. செருப்புத்தான் கஷ்டமாயிருந்தது. ஆறு சோடி வாங்கித் தூணில் தொங்கவிட்டாள். அவை வாடியை விட்டு வெளியே போகக் கூடாது. முதல் நாள் ஒரு சோடியை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

திருநாளுக்கு முதல் நாள் பேணாட் வந்தார். புதுக் கோடு ஒருவருக்கும் இல்லை. குட்டிகள் வலைக் குவியலில் ஏறி விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணை, உந்தச் செருப்பைக் கழட்டிப்போட்டு இதைப் போடுங்கோ."

அவர் றோசாப்பூ நிறச் செருப்பைப் பார்த்தார். போட்டார். உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கறுப்பியைப் பார்த்தபடி கேட்டார்:

"என்ரை வீட்டிலை நிக்கிறதுக்கும் அந்தக் குளிசை ரெண்டு இருக்கோ?"

"நாயைக் கொண்டு வாங்கோ. நிறை பார்க்காமல் குடுக்க ஏலாது."