மட்டையைத் தாண்டும் கால்

போன மாதம் கடலோரத்து ஜெராமுக்குப் போய் நல்ல இறாலாக ஒரு கிலோ வாங்கி, ஷர்மினி என்ற பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் நல்லசாமி, மலேசியாவில் அசாம் ஜாவா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தாறு வருஷம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையில் குலை வெட்டியவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குப் பார்க்கின்சன் வந்தது. கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வாசலில் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சமையலறை வாசல் வரை வருவார், அங்கே ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார். பின்னால் நான் சோற்றுச் சட்டியோடு காத்திருப்பேன். ஆனால் தோட்டத்துக்குள் இறங்கினால், வெட்டிப்போட்ட பனைமட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஜம்மென்று நடப்பார். என் கண்ணாலேயே பார்த்தேன். ஆத்திரம் வராதா? வேண்டுமென்றே பண்ணுகிறீர்கள் என்று இரண்டு வருஷம் கத்தியிருக்கிறேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் கேண்டீன் வேலைக்குப் போய்விட்டால், வீட்டுக்குள் எங்காவது நின்றது நின்றபடி இருப்பார். ராவாங்கில் இருக்கும் மகன் கணேஸ்வரன், உலு யாமில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டான். ஒன்றாம் தேதி கூட்டிப்போவதாக ஏற்பாடு. சரி என்றதும் நான்தான், பெட்டி கட்டியதும் நான்தான்.

அதற்கு முந்தின வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் மூளை அலைப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். பெரிய இடமாயிற்றே என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரி, விபூதி பூசிக் கூட்டிப்போனேன். அங்கே வேலை செய்கிற ஷர்மினி தலையைத் தொட்டதும் சிரித்துவிட்டாள். எண்ணெய்த் தலையில் கம்பிகள் ஒட்டாதாம். கடிதத்திலேயே எழுதியிருந்ததாம். அதை யார் படித்தது? இன்னொரு தேதிக்கு நாலு மாதமாகும் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஷாம்பு எடுத்துவந்து, அவரைக் குனியவைத்து, தானே இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்க வேண்டும்.

விளக்கு எரியும்போதெல்லாம் விரலை அசைக்க வேண்டும். அறுபது தடவை அசைத்தார். பிறகு கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். நாம் அசைய நினைத்ததும் மூளையில் ஓடுகிற ஒரு அலை தணியுமாம், தணிந்தால்தான் உடம்பு சுலபமாக அசையுமாம். நோயில்லாதவருடைய கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. இவருடையது இறங்க மனமில்லாமல் கிடந்தது.

“அங்கிள் ட்ரை பண்றாரு ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் ட்ரை பண்ணிருக்காரு. அந்த அலைதான் விடமாட்டேங்குது.”

நான் விட்டேனா? அப்படியானால் தோட்டத்தில் மட்டும் எப்படி நடக்கிறாராம் என்று கேட்டேன். இந்த நோயே அப்படித்தான் என்றாள். தாண்டுவதற்குக் கண்ணெதிரே ஏதாவது கிடந்தால் பலருக்குக் கால் தானாக வருமாம். கத்தி அவசரப்படுத்தினால்தான் கால் இன்னும் தரையோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஒன்றாம் தேதி காலை கணேஸ்வரன் காரோடு வந்து, பெட்டியை ஏற்றிவிட்டான். நான் செம்பனை மட்டையை மெல்லிசாகச் சீவி, கூடத்திலிருந்து வெளிவாசல் வரை அடிக்கு ஒன்றாகப் போட்டுவைத்திருந்தேன். அவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு கால் எழுந்தது. அடுத்த கால். வாசலைத் தாண்டி மகன் முன்னால் போய் நின்றார்.

“பெட்டிய எறக்குய்யா. நான் இங்கயே இருந்துக்கிறேன்லா.”

கணேஸ்வரன் என்னைப் பார்த்தான். கேண்டீனில் அரைநாள் வேலைக்குக் கேட்டுவிட்டேன், இறக்கு என்றேன். அவன் இறக்கினான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வருஷம் கத்தினேனே, வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும் புள்ள? நீ சொல்லச் சொல்ல, நானே வேணும்னுதான் நிக்கிறேனோன்னு நெனச்சிட்டேன்.”