ஆர்கனுக்கு ஒரு பெல்ட்

குமரி தமிழ்நாட்டோடு சேராத காலம். எங்கள் வேதக் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று இருந்தது. வாசிப்பவள் நான். கட்டைகளுக்கு அடியில் கிடந்த கம்பளித் துணியைப் பூச்சி அரித்துவிட்டதால், எதை அமுக்கினாலும் டொக்கென்று பலகையில் இடிக்கும். என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், சபைக் கமிட்டியில் பெரிய ஆள். புதுக்கடையில் நெல்லு மில் வைத்திருந்தார். "பொம்பளைக்கு விரலு பெலம் காணாது" என்றார். அறுப்பின் பண்டிகைக்குள் சத்தம் நிற்காவிட்டால் எனக்குப் பதில் ஓர் ஆணை உட்கார வைப்பதாகத் தீர்மானமும் போட்டார். பெலமில்லாத விரலா இந்த இடி இடிக்கும்?

மார்த்தாண்டத்திலிருந்து வந்த ரிப்பேர்க்காரர், "பெல்ட் போயிட்டுது, சீமைச் சரக்கு, இப்ப கிடைக்காது" என்று கையை விரித்தார். இடுப்பில் கட்டுவதும், மில்லில் ஓடுவதும், இங்கிலீஷில் ஃபெல்ட் என்கிற நெய்யாத இந்தக் கம்பளித் துணியும் எங்கள் ஊர் வாயில் எல்லாம் பெல்ட்தான்.

அதைச் செய்யப் பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் படித்திருந்தேன். வயலில் கிடை போட்டிருந்த செம்மறி ஆட்டுக்காரர்களிடம் முடி வாங்கினேன். கழுவி, பிய்த்து, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சவுக்காரம் கரைத்த வெந்நீர் ஊற்றி, பாயோடு சுருட்டி உருட்டினேன். முடி ஒன்றையொன்று பிடித்து இறுகும்வரை உருட்ட வேண்டும். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கெட்டியான சாம்பல் நிற விரிப்பு ஒன்று கிடைத்தது. கொடியில் காயப் போட்டேன்.

மறுநாள் பார்த்தால் அத்தான் அதை வார் வாராக நறுக்கி, முனையோடு முனை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

"பெல்ட்டுன்னா நீளமாட்டு இல்லியா இருக்கணும்? நீ சதுரமாட்டு செய்து வச்சிருக்க. மில்லுல பாத்ததில்லியா பிள்ளே?"

ஆத்திரத்தில் தையலைப் பிரித்தெறிந்துவிட்டு, வார்களைக் கட்டைகளுக்கு அடியில் நானே ஒட்டினேன். அங்கே வேண்டியதும் நீளத் துண்டுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, இடி நின்றது. அன்றிலிருந்து அத்தான், தான் வெட்டியதால்தான் சரியானது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பண்டிகையன்று பாதிரியார், ஆர்கனுக்குப் பெல்ட் செய்து தந்ததற்காக அத்தானுக்கு நன்றி சொன்னார். அத்தான் எழுந்து கும்பிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பாட்டுக்குச் சபை எழுந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

முன் பெஞ்சிலிருந்து அத்தான் குனிந்தார். "வாசி பிள்ளே, ஆளுவ எல்லாம் நிக்குதாவ."

"பெல்ட் போயிட்டுது அத்தான்" என்றேன், கோயில் முழுக்கக் கேட்கும்படி. "நீங்க செய்ததுல்லா? வந்து போடுங்க."