மீசை போன பிறகு

என் அண்ணன் குடியை விட்டது திருந்தியதால் அல்ல, வன்மத்தால். இதை எவர் முன்னாலும் சொல்வேன்.

அவன் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டு, கதவையும் கட்டிலையும் நாளெல்லாம் தேய்க்கிற வேலை. குடித்தால் கண்ணே போய்விடும் சரக்கு அது. ஆனால் வாடை அதே சாராய வாடைதான். குடியை விட்டவனுக்கு அதிலேயே கை நனைத்துப் பிழைக்கும் தலையெழுத்து.

போன வருடம் அண்ணியையும் பாப்பாவையும் அண்ணியின் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அண்ணி பட்ட பாட்டுக்கு அது நியாயம்தான். ஆனால் அதோடு போகாமல் அந்த மனுஷன் பட்டறை வாசலில் வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் நின்று, "இவனாவது குடிய விடுறதாவது. மூணு மாசம் தாங்கட்டும், நான் மீசைய எடுத்துடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் என் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவான். மதுக்கடைத் தெருவை விட்டுச் சுற்றுவழியாக நடந்து வருவான். நாக்கு ஊறும்போதெல்லாம் அந்த மீசையை நினைத்துப் பல்லைக் கடிப்பான். கதவைத் தேய்க்கிற தேய்ப்பில் "எடுடா, எடுடா" என்று முணுமுணுப்பானாம். நானும் சும்மா இருக்கவில்லை. "உன் மச்சான் கடைத்தெருவுல மீசைய முறுக்கிக்கிட்டுப் போறாரு" என்று அடிக்கடி சொல்வேன். சுத்தப் பொய். அவன் தாங்கினால் போதும், பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும்.

மூன்று மாதம் பதினோரு மாதம் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார், அண்ணியும் பாப்பாவும் பெட்டியோடு பின்னால். மேலுதட்டில் ஒரு முடிகூட இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் நான் அடுப்படிக்கு ஓடினேன். அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க" என்றார். பதினோரு மாதம் சேர்த்து வைத்த பேச்சில் ஒரு சொல்கூட அண்ணன் வாயில் வரவில்லை. "உக்காருங்க மச்சான், காபி சாப்பிடுங்க" என்றான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவன் கை கழுவவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கடை வழியா வந்தேன். பத்து நிமிஷம் வாசல்ல நின்னேன். யார நெனச்சுப் பல்லக் கடிக்கிறதுன்னு தெரியல" என்றான்.

பாழாய்ப்போன மன்னிப்பை அவர் கேட்காமலே இருந்திருக்கலாம்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கவில்லை. "மன்னிப்புக் கேட்டது எங்கண்ணன். நான் உங்கள மன்னிச்சேன்னு எப்ப சொன்னேன்? பாப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப மருந்து வாங்கப் போனவரு, மறுநாள் காலைலதான் வந்தீங்க. வெறுங்கையோட. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். தினம் ஒரு தடவ உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். முடிஞ்சா தாங்குங்க."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"சரி, சொல்லு" என்றான்.

அண்ணி துணியை ஒதுக்கிவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முதலிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.