கரண்ட் திரும்பி வந்த பிறகு

என் அண்ணன் சோமனுக்குத் தப்பே வராது. வெள்ளறடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவனே சொல்லிவிடுவான்.

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவன் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அங்கே கடலடிக் குழாயில் வரும் எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு குறைந்தால் மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடும். அதனால் குழாயோடு வயர் ஓட்டி, கரண்டில் சூடாக்கிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேலையில் என் கணவர் விபினைச் சேர்த்துவிட்டவனும் அண்ணன்தான், துரத்தியவனும் அவன்தான்.

ஒருநாள் மேடையில் ஜெனரேட்டர் நின்றது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். திரும்பக் குதித்து வந்து எதையாவது எரித்துவிடுமே என்ற பயம். விபினும் அதே பழக்கத்தில் குழாய் ஹீட்டரை அணைத்தார். கரண்ட் வந்ததும் போட மறந்துவிட்டார். எண்ணெய் உறைந்து குழாய் அடைத்துக்கொண்டது. “இந்த ஆள் இனி வேண்டாம்” என்று மேலதிகாரிகளிடம் சொன்னவன் என் கூடப்பிறந்தவன்.

போன வாரம் அவன் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைக்க வந்தான். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நெய்மீன் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். சோறு போட்டாவது காரியத்தைச் சாதிக்கலாம் என்ற ஆசைதான்.

“கம்பெனியில மறுபடி ஆள் எடுக்குதாம். அண்ணன் ஒரு வார்த்த சொன்னா இவங்களயும் எடுப்பாங்க” என்றேன்.

“அது நடக்காது கேட்டியா. ஸ்விட்ச மறக்கியவன் அங்க வேண்டாம். கடலாக்கும், வெளையாட்டு இல்ல.”

விபின் எழுந்து ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக் கரண்ட் போனது. அண்ணன் புத்தி சொல்லிக்கொண்டே எழுந்து, ஃபிரிட்ஜ் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்சத்தில் கரண்ட் வந்தது. புத்தி சொல்வது நிற்கவில்லை. ஸ்விட்ச் அப்படியே கிடந்தது. சோறு வேண்டாம் என்று கிளம்பினான். நானும் அந்த ஸ்விட்சைத் தொடவில்லை. மீன் போனால் போகட்டும்.

மறுநாள் நாறிய மீனைப் பையில் போட்டுக்கொண்டு அவன் புது வீட்டுக்குப் போனேன்.

“நேத்து அண்ணன் அணச்ச ஃபிரிட்ஜ் ஸ்விட்ச போடல்ல. இத மணத்திப் பாருங்க.”

அவன் முகம் சுருங்கியது. “கரண்ட் வந்தப்போ நீ அங்கதானே இருந்த? நீ போட்டிருக்கலாம் இல்லியா?”

“கடல்ல அண்ணன்தானே சூப்பர்வைசர்? அங்க அண்ணன் போட்டிருக்கலாம் இல்லியா?”

பையை அவன் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.