துறைமுகத்து இரும்பு

இராகுலன் ஓடிப்போனான் என்றுதான் சல்லிக் கிராமத்தில் இன்றைக்கும் கதை. ஓடுகிறவன் பகல் பதினொரு மணிக்கு, அந்தியேட்டிச் சடங்கு வீட்டில் அத்தனை சனம் பார்த்திருக்க, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு முன்வாசல் படலையால் போவானா? மச்சானுக்குக் கரண்டில் பொறி வைத்தான், மீன் வாடியைப் பெண்சாதி பெயருக்கு எடுக்கப் பார்த்தான் என்றும் சொல்லுகிறார்கள். எடுக்கப் பார்த்தவன் எதை எடுத்துக்கொண்டு போனான்? ஒரு தோள்பை, ஒரு டெஸ்டர், மூன்று துண்டுப் பைப். சொல்லுகிற வாய்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். இராகுலன் பிழையே செய்யாதவன் என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. ஒரு பிழை செய்தான். ஆனால் அது ஊர் சொல்லுகிற பிழை இல்லை.

அவன் ஈச்சிலம்பற்றுப் பெடியன். சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், எங்கிருந்தோ வந்த நிறுவனம் ஒன்று மூன்று மாதம் வயரிங் படிப்பித்தது. மற்றவர்கள் சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இவன் வேலையைக் கற்றான். பிறகு சல்லிக்கு வேலைக்கு வந்தபோது, கனகசபையரின் மகள் யசோதராவைக் கலியாணம் செய்து வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு நல்ல வழக்கம்தான். வந்தவனுக்கு அந்த வீட்டில் கதிரை உண்டு, சோறு உண்டு. சொல் மட்டும் இல்லை.

வெளியில் அவனுடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. தொழில் தெரிந்த மேத்திரியை இங்கே பாஸ் என்பார்கள்; வயரிங் பாஸ் என்றால் நிலாவெளி வரைக்கும் தெரியும். ஏனென்றால் அவன் வாயால் வேலை எடுத்தவன் இல்லை. கிணற்றடியில் ஒரு கம்பி கட்டி அதில் நாலு துண்டுப் பைப் தொங்கவிட்டிருந்தான்: மெல்லிய வெள்ளைப் பிளாஸ்ரிக், தடித்த பிளாஸ்ரிக், வளைகிற குழாய், ஓர் இரும்பு. ஒரு சோளகக் காற்றுக் காலம், ஒரு வாடைக் காற்றுக் காலம் முழுக்க அவை அங்கேயே வெயிலும் உப்புக்காற்றும் குடித்தன. வீட்டுக்கு வயர் இழுக்க வேண்டும் என்று வருகிறவனை அங்கே கூட்டிப்போவான். நீங்களே அமத்திப் பாருங்கோ என்பான். மெல்லியது அப்பளமாக நொறுங்கும். வளைகிற குழாயில் எலியின் பல் பதிந்திருக்கும். இரும்பைக் கல்லில் தட்டினால் சிவப்புப் பொடி கொட்டும். தடித்த பிளாஸ்ரிக் மட்டும் நிறம் கொஞ்சம் மங்கி, அப்படியே இருக்கும். வந்தவன் அதையே கேட்பான். வயரைக் காப்பாற்றத்தான் பைப். பைப்பே வயரைத் தின்றால் என்ன செய்வது என்பது இராகுலனின் கணக்கு.

அந்தக் கிணற்றடியில் தினமும் குளித்த கனகசபையர் ஒருநாளும் அந்தப் பைப்புகளைப் பார்த்ததில்லை.

கனகசபையர் துறைமுகத்தில் களஞ்சியம் பார்த்தவர். ஓய்வாகும்போது வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய்களை ஏலத்தில் எடுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் அடுக்கி வைத்திருந்தார். ஐம்பது அறுபது நீளம் இருக்கும். சல்லியில் யார் வீட்டிலாவது துறைமுகத்து இரும்பு என்றால் ஒரு மரியாதை. கொடிக்கம்பமா, பந்தல் காலா, அது நூறு வருசம் நிற்கும், துரு அதற்குக் கிட்டப் போகாது என்பார்கள். கொடிக்கம்பமாக நிற்கலாம்தான். வெளியே தடித்த பூச்சு. உள்ளே என்ன கிடக்கிறது என்று கொடிக்கம்பத்துக்குள் யார் எட்டிப் பார்த்தார்கள்?

கடற்கரையில் மகன் லதீசனுக்கு மீன் வாடி போட்டபோது அந்தக் குழாய்களை வெளியில் எடுத்தார். மீனை வாங்கி ஐஸில் வைக்கிற வாடி அது. நிலம் எப்போதும் ஈரம், இரண்டு பெரிய பிரீசர், தகரச் சுவர். இராகுலன் தடித்த பிளாஸ்ரிக் வாங்கி வந்து முற்றத்தில் போட்டிருந்தான். கனகசபையர் அதைக் காலால் தள்ளினார்.

"தம்பி, இது பிள்ளையள் தண்ணி அடிச்சு விளையாடுற சாமான். எங்கட வாடிக்கு இரும்பு இருக்கு."

இராகுலன் ஒரு குழாயை எடுத்து, கயிற்றில் பழைய சீலைத் துண்டைக் கட்டி, இந்தப் பக்கத்தால் விட்டு அந்தப் பக்கத்தால் இழுத்தான். சீலை குங்குமத்தில் தோய்த்தது போல வந்தது. நடுவில் கிழிந்தும் இருந்தது. "மாமா, சீலையைக் கிழிச்சது வயரையும் கிழிக்கும். உப்புக்காத்தில இன்னும் மோசம்" என்றான். யசோதரா அந்த நேரம் தேத்தண்ணீர்த் தட்டோடு நடுவில் நின்றாள். அவள் தன் கண்ணாலேயே அந்தச் சீலையைப் பார்த்தாள். அதை மறக்கக் கூடாது.

"நாப்பது வருசம் துறைமுகத்தில இரும்பு பாத்தவனுக்கு நீர் மூண்டு மாசப் படிப்பில இரும்பு காட்டுறீரோ?" என்றார் மாமா. லதீசன் சிரித்தான். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணத்தில் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தான். யசோதரா தட்டை நீட்டி, ஆறப்போகுது குடியுங்கோ என்றாள்.

இராகுலன் குடித்தான். அதுதான் அவன் செய்த பிழை. ஊரில் எத்தனை முதலாளிமாரிடம் முடியாது என்று சாமானைக் கட்டிக்கொண்டு திரும்பியவன், அந்த முற்றத்தில் மட்டும் திரும்பவில்லை. திரும்பிப் போவதற்கும் அதே வீடுதானே. குழாய்களின் வாயை அரத்தால் இரண்டு நாள் தேய்த்தான். உள்ளுக்குள் எட்டின மட்டும் சுரண்டினான். குழாயில் கரண்ட் ஏறினாலும் மண்ணுக்குப் போகட்டும் என்று எர்த் வயர் பூட்டினான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, துருப்பிடித்த எர்த் இணைப்பைக் கழற்றித் தேய்த்துத் திரும்பப் பூட்டுவான். ஒரு வாடை அப்படியே போயிற்று. பார்த்தீரா என்று மாமா கேட்டார்.

இரண்டாவது வாடையில் அவனுக்குப் புல்மோட்டையில் ஒரு மாத வேலை. மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை, யசோதரா அவனுக்குப் போன் எடுத்தாள். வாடியில் கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது, தூக்கத் தூக்க விழுகிறது என்றாள். அவன் சொன்னதை அவளும் கேட்டாள், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் கேட்டார்கள்.

"விழுந்தா விழட்டும். தூக்க வேண்டாம். எர்த் துருவில விட்டிருக்கும், பைப்பில கரண்ட் நிக்குது. ஒருத்தரும் பைப்பில கை வைக்கக் கூடாது எண்டு சொல்லும். வெள்ளிக்கிழமை வாறன்."

அவள் தகப்பனிடம் சொன்னாள். சொல்லவில்லை என்று பழி போட வேண்டாம். ஆனால் பிரீசர் நிறையச் சூரை மீன் கிடந்தது. மருமகன் புல்மோட்டையில் இருந்துகொண்டு இங்கே மீனை நாறப்பண்ணுகிறான் என்று கனகசபையர் சத்தம் போட்டார். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு வயரை நேரே முறுக்கச் சொன்னார். தகப்பன் சொன்னால் செய்கிற பிள்ளை லதீசன், முறுக்கினான். புதன்கிழமை விடிய வெறுங்காலோடு நிலம் கழுவினான். வழுக்கியது. பிடிக்க அவனுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் குழாய்தான்.

இருபத்தாறு வயது.

மரண விசாரணைக்கு வந்தவர், வயரிங் செய்தது யார் என்று கேட்டார். இராகுலன் முன்னுக்கு வந்தான். இந்தப் பழைய இரும்பைப் போடச் சொன்னது யார் என்று அவர் கேட்டபோது, கனகசபையர் மகன் உடுத்திருந்த ஈரச் சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். இராகுலன் அவரைப் பார்த்தான். "என்ர வேலை ஐயா, நான்தான் பொறுப்பு" என்றான். மகனைத் தின்ற கிழவனின் தலையில் இன்னொரு கல்லையும் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஏறியது. பாஸே ஒப்புக்கொண்டான் என்றார்கள். வேலைக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடவில்லை. கிணற்றடிக்கு ஒருவரும் வரவில்லை.

அவன் பொறுத்தான். உண்மை தெரிந்த மூன்று பேர் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறார்கள், அது போதும் என்று இருந்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நிலாவெளியில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் இராகுலன் செம்பும் தண்ணீருமாக நின்றான். யாரோ ஒருவர் வாடிக் கதையை எடுத்தார். கனகசபையர் கதிரையில் நிமிர்ந்தார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான், பிளாஸ்ரிக்கைப் போடும் எண்டு. இவர்தான், துறைமுகத்து இரும்பு கிடக்க என்னத்துக்குப் புதுசு எண்டவர்."

பொய் என்று தெரிந்து சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. முப்பது நாளும் மென்று மென்று அதைச் சோறாக்கிவிட்டார். அது இல்லாமல் அவருக்கு உயிர் நிற்காது. இருக்கட்டும். அதற்காக இன்னொருத்தன் சாக வேண்டுமா?

இராகுலன் செம்பைக் கீழே வைத்தான். மாமாவோடு கதைக்கவில்லை. குசினி வாசலில் நின்ற பெண்சாதியிடம் திரும்பினான்.

"யசோ, போன் எடுத்தது நீர்தானே. நான் என்ன சொன்னனான் எண்டு இவையளுக்குச் சொல்லும்."

பந்தல் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு தம்பியின் படத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த அகப்பையைப் பார்த்தாள். அவள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கும். சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் பின்னேரம் வரைக்கும் உயிரோடு இருந்திருக்க மாட்டார். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை.

அவன் உள்ளே போய்த் தோள்பையை எடுத்தான். கிணற்றடிக்குப் போனான். கம்பியில் இருந்து பிளாஸ்ரிக் மூன்றையும் கழற்றிப் பைக்குள் வைத்தான். இரும்புத் துண்டைத் தொடவில்லை. செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுத்தான்.

படலையடியில் யசோதரா ஓடி வந்தாள். பந்தலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். படலையைத் திறந்து வெளியே போய், நாய் மாடு வராமல் திரும்பக் கொளுவிவிட்டுத்தான் நடந்தான்.