சூடேறினால் மட்டும் உதறிய எஞ்சின்

கீரப்பாளையம் பக்கம், அப்போது இன்னும் திறக்கப்படாத புறவழிச்சாலையின் நடுவே எங்கள் பயிற்சி விமானம் நின்றுகொண்டிருந்தது. கத்திரி வெயில். அதன் இறக்கை நிழலில் ஏழெட்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் கல்லின் மீது, விமானத்தை அங்கே இறக்கிய எங்கள் பயிற்சி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். பறக்கும் பள்ளியில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஜீப்பை விட்டு நாங்கள் இறங்கியதுமே எழுந்து வந்து, “எஞ்சின் உதறுச்சு சார். நல்லாவே உதறுச்சு” என்றார். எங்கள் தலைமைப் பொறியாளர் தலையை ஆட்டிக்கொண்டே கருவிப் பெட்டியைத் திறந்தார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளன்.

கேப்டன் பிச்சாவரம் பக்கம் கடலோரமாகத் தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் உதறத் தொடங்கியிருக்கிறது. உயரம் குறைந்துகொண்டே வர, காலியாகக் கிடந்த புதுச் சாலையைப் பார்த்து இறக்கிவிட்டார். விமானத்தில் ஒரு கீறல் இல்லை. சிக்கல் அதன் பிறகுதான். தலைமைப் பொறியாளர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். அது ஒரு குறையும் இல்லாமல் சீராக ஓடியது. பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தோம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று வடிகட்டி சுத்தம். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தோம், ஒன்றிலும் கரியோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லை. தலைமைப் பொறியாளர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கடல் காத்து, ஈரம் ஜாஸ்தி. கார்பரேட்டர்ல ஐஸ் புடிச்சிருக்கும். எறங்குனதும் உருகிப் போயிருக்கும்.”

கேட்பவர்களுக்கு விந்தையாக இருக்கும். ஆனால் கத்திரி வெயிலிலும் அப்படி ஐஸ் பிடிப்பதுண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே அவ்வளவு குளிர்ந்துவிடும். அதை உருக்கச் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு பிடி இருக்கிறது.

“அந்தப் பிடிய இழுத்தேன் சார். இழுத்தும் நிக்கல.”

“பயந்துட்டா சத்தம் ஜாஸ்தியாத்தான் கேக்கும்மா” என்றார் அவர். குரலில் கோபமில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். கேப்டனின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். குறை எதுவும் இல்லை என்று சொல்லி விமானத்தைக் கொண்டுபோனால் பள்ளியில் அவர் பெயர் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயமும் ஒன்று இருந்தது. மறுநாள் காலை அதே விமானத்தில் ஒரு மாணவி முதன்முறையாகத் தனியாகப் பறப்பதாக ஏற்பாடு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் அதுவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மேல வரச்சயே இருமிக்கினுதான் சார் வந்துச்சு” என்றாள். தலைமைப் பொறியாளர் சிரித்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. பழுது இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டு, எப்படிப்பட்ட பழுது இப்படி வந்துவிட்டுத் தடமில்லாமல் போகும் என்று யோசித்தேன்.

“எப்படி உதறுச்சு கேப்டன்? விட்டு விட்டா, மூச்சுத் திணறுற மாதிரியா?”

அவர் ஜீப்பின் பானெட்டில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு, அதே அளவு இடைவெளி. “நான் முதுநகர்ல கோயில் பாட்டுக்குழுவுல சின்ன வயசுலேருந்து தபேலா வாசிச்சவ. தாளம் எனக்குத் தப்பாது” என்றார். நானும் முதுநகர்தான் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை. அந்த இடைவெளியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐஸோ பெட்ரோலில் தண்ணீரோ என்றால் தாளமே இருக்காது, கண்டபடி திணறும். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வேலை செய்யாமல் விட்டால்தான் இப்படிக் கேட்கும்.

“நீங்க ஆறிப்போன எஞ்சின்ல தேடுறீங்க. அது உதறும்போது நல்லா சூடாயிருந்துச்சு” என்றார் கேப்டன்.

ஆடுகளை ஓட்டச் சொன்னோம். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். குளிர்ந்த காற்று எஞ்சினுக்குள் அதிகம் புகாதபடி விமானத்தின் வாலைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினோம். கேப்டன் உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டார். சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறியது. அது எல்லைக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோதும் சத்தம் மாறவில்லை. இனி நிறுத்த வேண்டியதுதான் என்று நான் கையைத் தூக்கப் போனேன். அப்போது இறக்கை நுனி நடுங்கியது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. தலைமைப் பொறியாளர் ஜீப் நிழலிலிருந்து எழுந்தே விட்டார்.

கேப்டன் உடனே நிறுத்தவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தர இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்றை மாற்றி ஒன்றை அணைத்துப் பார்த்தார். உதறல் மாறவில்லை, ஆகவே பழுது தீப்பொறியில் இல்லை. நிறுத்தினார். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு, எஞ்சின் ஆறுவதற்குள் நான் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றினேன். மூன்று முறை உள்ளேயிருந்த காற்று என் கையை எதிர்த்துத் தள்ளியது. நான்காவது முறை எதிர்ப்பே இல்லை. தலைமைப் பொறியாளர் என்னை விலக்கிவிட்டுத் தாமே சுற்றினார். மறுபடியும் சுற்றினார். சிலிண்டர்கள் எண் வரிசைப்படி வருவதில்லை, எந்த முறை எது வரும் என்பது அவருக்கு மனப்பாடம். “மூணாவது சிலிண்டர்” என்றார்.

கை சுடச்சுட அதன் மேல்மூடியைக் கழற்றினோம். புகை வெளியேறும் வால்வு திறந்தபடியே சிக்கிக் கிடந்தது. அது ஏறி இறங்கும் குழாயில் கரி படிந்திருக்க வேண்டும். சூட்டில் வால்வின் தண்டு பருத்ததும் அங்கேயே இறுகிவிடும். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, எஞ்சின் ஆற ஆற, ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வால்வு தானாகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

தலைமைப் பொறியாளர் பள்ளிக்குப் போன் போட்டு, “நாளைக்கு அந்தப் பொண்ணப் பறக்க விடாதீங்க. கேப்டன் எறக்குனதுதான் சரி” என்றார். இறக்கைகளைக் கழற்றி விமானத்தை லாரியில் ஏற்றி அனுப்பினோம். பிறகு பள்ளியின் மற்ற விமானங்களையும் திறந்து பார்த்தபோது, இன்னொன்றிலும் அதே கரி படியத் தொடங்கியிருந்தது.

கேப்டன் இப்போது வேறு ஊரில் பெரிய விமானம் ஓட்டுகிறார். அன்று லாரிக்காகக் காத்திருந்தபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. “ரோட்டுல எறக்கும்போதுகூட பயமில்ல. நீங்க ஓட்டுனப்ப அது நல்லா ஓடுச்சு பாருங்க, அப்பதான் பயந்தேன். இன்னம் கொஞ்ச நேரம் போயிருந்தா, நானே என்னை நம்பாம போயிருப்பேன்.”

அந்த விமானத்தைப் பள்ளியில் பழுது பார்த்து முடித்ததும் முதலில் தானே ஓட்டிப் பார்ப்பதாகக் கேப்டன் சொன்னார். அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனபோது தலைமைப் பொறியாளர் விமானத்தை நோக்கி நடந்தார். நான் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவர் ஒரு விமானத்திலும் பறந்ததில்லை, தரையிலேயே நிற்பவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வலப்பக்க இருக்கையில் ஏறினார். கண்ணாடி இல்லாமல் பெல்ட்டின் கொக்கி பிடிபடாமல் தடுமாறினார். கேப்டன் குனிந்து அதை மாட்டிவிட்டார்.

“போலாம்மா” என்றார் அவர்.